அம்புக்குறி ஒட்டாத படம்

அன்று காலையில் என் கண்ணுக்கு முன்னால் பஞ்சு பறந்துகொண்டிருந்தது.

பனியன் துணி பின்னுகிற கம்பெனியில் பஞ்சு பறப்பது ஒரு விசேஷமே இல்லை. நூல் ஓடுகிற இடத்தில் பஞ்சு பறக்கும். தலையில் உட்காரும், புருவத்தில் உட்காரும், டீயில் விழும். ஊதிவிட்டுக் குடிப்போம். ஆனால் நான் இருப்பது கதவு சாத்திய செக்கிங் அறை. சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி, அதற்குப் பின்னால் டியூப் லைட்டுகள். துணி அந்த வெளிச்சத்தின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஓட்டை, ஊசிக் கோடு, எண்ணெய்க் கறை, எது தென்பட்டாலும் மெஷினை நிறுத்தி, சுண்டுவிரல் நகத்தளவு இருக்கிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். மீசை முளைத்த காலத்திலிருந்து எனக்கு இதுதான் பிழைப்பு. மற்றவர்கள் குற்றம் கண்டுபிடித்தால் சண்டை வரும், நான் கண்டுபிடித்தால் சம்பளம் வரும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்.

அந்த அறைக்குள் அவ்வளவு பஞ்சு வந்திருக்கக் கூடாது. ஓடுகிற வெள்ளைத் துணியின் மேல் பொடிப்பொடியாக, இன்னும் வெள்ளையாக மிதந்துகொண்டே இருந்தது. கண்ணைக் கழுவினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு பின்னல் மெஷின் ஓட்டுகிற ஒடிசாக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"ஏப்பா, அந்த ஃபேனைப் போடக் கூடாதா? பஞ்சு அத்தனையும் எங்கூட்டுக் கல்யாணத்துக்கு வந்தாப்ல உள்ள வருது!"

அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஃபேன் ஓடுது அண்ணா. பஞ்சு இல்லே அண்ணா."

"உனக்குக் கண்ணு தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மனுஷனுக்கு வாய்க்கொழுப்பு எந்த நேரத்தில் வருகிறது பாருங்கள்.

முந்தின நாள் அரசாங்கச் சாராயக் கடைகளுக்கு லீவு. கம்பெனிக்கும் லீவு. எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை, தகரக் கூரை போட்டது. அதில் குடியிருப்பவர் எங்கள் கம்பெனி ஃபிட்டர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பின்னல் மெஷினில் வட்டமாக நிற்கிற ஊசிகளில் எது ஒடிந்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டது, நானும் அப்படியே. என் மனைவிக்கு அவர் அண்ணா. அந்த லீவு நாளில் அவர் அருள்புரம் பக்கம் யாரிடமோ ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தார். நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சீல் சரி, லேபிள் நேராக இருக்கிறது, கறை இல்லை, கசடு இல்லை, பாஸ் என்றேன். அண்ணாச்சி கைதட்டினார்.

நான் ஒரு டம்ளரில் பாதிதான் குடித்தேன். கட்டுப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். கீழே இருந்து என் மனைவி, "ஏனுங்க, கேஸ் சிலிண்டர் வந்திருச்சு, தூக்கி வைக்கோணும், வாங்க" என்று கூப்பிட்டாள். இறங்கிப் போனவன், கொஞ்சம் மயக்கமாக இருந்ததால் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டேன். மிச்சம் முழுக்க அண்ணாச்சியிடம் இருந்தது. ஒரு கேஸ் சிலிண்டர் என்னை இந்தப் பக்கம் போட்டுவிட்டது.

பஞ்சு குறைகிறபாடாக இல்லை. சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணாச்சி அன்று வேலைக்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாடிப்படி ஏறினேன். உச்சி வெயில். தகரம் காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, கதவும் திறந்திருந்தது. அண்ணாச்சி பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு, நீரா வே? கரண்டு எப்பம் வரும்?"

எனக்கு அவருடைய குணம் தெரியும். நான் ஒரு கேலி செய்தால் அவர் இரண்டு செய்வார். சரி, இன்றைக்கு இப்படி ஆரம்பிக்கிறார் என்று நினைத்து நானும் சேர்ந்துகொண்டேன்.

"ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சுப் போச்சுங்க அண்ணாச்சி. பல்லடம் வரைக்கும் இருட்டுங்க. நானே தட்டுத் தடுமாறித்தான் வந்தனுங்க."

"அதான் பாத்தேன்" என்றார். "விடியவே மாட்டேங்கே, என்ன எழவுன்னு கெடக்கேன்."

நான் சிரித்தேன். அவர் செம்பை எடுத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். டம்ளர் ஒரு பக்கம் இருந்தது, தண்ணீர் இன்னொரு பக்கம் பாய் மேல் விழுந்தது. நிதானமாக, முழுச் செம்பையும் ஊற்றினார். பிறகு டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். அது காலி என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். நான் சிரிப்பை எங்கே நிறுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க ஆம்புலன்ஸில் அதிகம் கத்தியவன் நான்தான். அண்ணாச்சி பேசாமல் படுத்திருந்தார். அவருக்கு மூச்சு வேகவேகமாக வாங்கியது. எனக்குப் பயம் வந்தால் வாய் ஓடும். எனக்குக் கண் போகப் போகிறது, கண் போனால் வேலை போகும், வேலை போனால் நான் வீட்டில்தான் இருக்க வேண்டும், என் மனைவி என்னை எப்படித் தாங்குவாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். "கம்முனு வாங்க சித்த நேரம்" என்றாள் அவள். சொன்னவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்திருந்தாள்.

அங்கே டாக்டரம்மா என் கண்ணுக்குள் டார்ச் அடித்துக்கொண்டே கேட்டார்.

"பனி கொட்டற மாதிரி தெரியுதா?"

"பனியை நான் பாத்ததில்லீங்க டாக்டரம்மா. ஊட்டிக்கே ஒருக்காதான் போயிருக்கறனுங்க. பஞ்சு பறக்கறாப்ல இருக்குதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப இருந்து?"

"காலையில இருந்துங்க. கம்பெனியில ஃபேன் போடலீன்னு நினைச்சனுங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. "எங்க வேலைன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். திருப்பூர் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். வேறு ஊர்க்காரன் கண்ணில் பனி பெய்தால் அடித்துப் பிடித்து ஓடி வருவான். எங்கள் ஊரில் அது பஞ்சு என்று வேலைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

நாங்கள் குடித்தது குடிக்கிற சாராயமே இல்லை. பெயிண்ட், தின்னர் என்று தொழிற்சாலைகளில் புழங்குகிற மெத்தனால் என்று விளக்கினார்கள். உடம்புக்குள் போய் அது வேறொரு விஷமாக மாறும். அந்த விஷம் முதலில் கண் நரம்பைப் பிடிக்கும், அப்புறம் மூளையைப் பிடிக்கும். அப்படி மாறாமல் தடுக்க ஒரு மருந்து கொடுத்தார்கள். அது என்ன தெரியுமா? நல்ல சாராயம். அசல். அளந்து, கலந்து, குழாய் வழியாக உள்ளே இறக்கினார்கள். கெட்ட சாராயத்தைக் கவனிக்க விடாமல் உடம்புக்கு நல்ல சாராயத்தை வேலையாகக் கொடுக்கிறார்களாம்.

நர்ஸ் இதைச் சொன்னபோது என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், இங்கயும் ஊத்தறீங்களா?" என்று கேட்டாள். அழுகையும் கோபமும் சேர்ந்த குரல். "இதுக்கு நானே ஊட்டுல ஊத்தியிருப்பனுங்களே!"

அந்த வார்டில் அன்று சிரித்தவன் நான் ஒருவன்தான். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அண்ணாச்சியை ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

அவர் பிழைத்தார். நானும் பிழைத்தேன். என் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. அண்ணாச்சிக்கு மட்டும் கரண்டு வரவில்லை. போலீஸ் வந்து கேட்டது, பாட்டில் விற்றவனைப் பிடித்தது, அதெல்லாம் நடந்தது. இங்கே அவ்வளவுதான் சொல்லப் போகிறேன்.

பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். எம்ஆர்ஐ.

அதைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் நீளமான குழாய், உள்ளே தள்ளிவிடுவார்கள், சத்தம் வரும் என்பதுதான். அந்த அறையில் இருந்த பெண் ஒரு பச்சைக் கவுனைக் கொடுத்து, உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"வெள்ளி அரணாக்கொடி இருக்குதுங்க. அதைக் கழட்டினா வேட்டி நிக்காதுங்க."

"வேட்டியே இல்லீங்களே இப்ப" என்றார் அந்தப் பெண்.

அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது. கழற்றிக் கொடுத்தேன். படுக்க வைத்து, தலையை ஒரு கூண்டுக்குள் மாட்டி, கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தார். பயமாக இருந்தால் அழுத்துங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றார். அவர் கதவுப் பக்கம் போவதற்குள் அழுத்திவிட்டேன்.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலீங்க."

"வேலை செய்யுதான்னு பாத்தனுங்க."

உள்ளே போனதும் வேலை செய்கிறதா என்று இன்னும் மூன்று நான்கு தடவை பார்த்தேன். கடைசியில் அவர் மைக்கில், "அண்ணா, உங்களுக்குப் பின்னாடி வெளிய ஒருத்தர் படுத்திருக்கார், அவர் பாவம் இல்லீங்களா?" என்று கேட்டார். வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடந்தது அண்ணாச்சி. அதற்குப் பிறகு பந்தை அழுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஒன்றுமே இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டக்டக் என்று ஒரு சத்தம், அப்புறம் கர்ர் என்று இழுக்கிற சத்தம். நம் கம்பெனி மெஷினை யாரோ என் காதுக்குள் இறக்கி வைத்துவிட்டது போலிருந்தது.

அண்ணாச்சி அதே குழாய்க்குள் அசையாமல் கிடந்துவிட்டு வந்தார். வெளியே கொண்டு வந்ததும் மெல்லிய குரலில் சொன்னார்: "உள்ள ஒரு பேரிங் போயிருக்கு வே. அந்தப் பிள்ளட்ட சொல்லும், சர்வீஸ் பண்ணச் சொல்லி."

அவர் குரல் ஏன் அவ்வளவு சின்னதாகிவிட்டது என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. பசியில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

ரிப்போர்ட் ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் போய்விட்டது. அடுத்த வாரம் டாக்டரம்மா பார்த்துச் சொல்வார் என்று அனுப்பிவிட்டார்கள். பெரிய பெரிய கவர்களில் படங்கள் மட்டும் எங்கள் கையில் இருந்தன. வீட்டில் டியூப் லைட் முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். படம் வளைந்து வளைந்து ஆடியதில் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் தோன்றியது: இப்படி ஒரு பொருளைப் பார்ப்பதற்கென்றே எனக்கு ஒரு மெஷின் இருக்கிறதே!

இரண்டு கவரையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். அண்ணாச்சி தானும் வருவேன் என்றார். என் தோளில் கை வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் படுத்தே கிடந்த காலல்லவா என்று சொல்லிக்கொண்டோம். செக்கிங் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்த துணியைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, எங்கள் இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லைட்டைப் போட்டேன்.

வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன மூளைகள். பிரிண்டிங் துணியில் ஒரே பூ திரும்பத் திரும்ப வருமே, அப்படி. முதலில் என் படத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு மூளைக்கும் நடுவில், கறுப்பாக, பட்டாம்பூச்சி றெக்கை விரித்தாற்போல் ஓட்டை. ஒன்றிரண்டு இல்லை, அத்தனை படத்திலும்.

"போச்சுங்க அண்ணாச்சி" என்றேன். "ஓட்டைங்க. நட்ட நடுவுலங்க. கையை உட்டு அந்தப் பக்கம் எடுக்கலாமாட்ட இருக்குதுங்க."

"உமக்கா?"

"எனக்குத்தானுங்க."

"ரொம்ப நாளாவே இருக்கும் வே" என்றார். "நீரு இப்பதான் பாக்கீரு."

கை தன் வேலையைத் தானாகச் செய்தது. ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சிவப்பு அம்புக்குறியாக என் படம் முழுக்க ஒட்டினேன். ஒட்ட ஒட்டக் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் பார்த்ததிலேயே மோசமான துணி ரோல் அதுதான், அதுவும் என்னுடையது.

"என்னுத எப்படி இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

அவருடைய படத்தை நிதானமாகப் பார்த்தேன். அவருக்கும் நடுவில் கறுப்பு இருந்தது. ஆனால் அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வெள்ளையாக இரண்டு மாங்காய். பட்டுச் சேலைக் கரையில் இருக்குமே, அந்த மாங்காய். அளவெடுத்து வைத்தாற்போல், கண்ணாடியில் பார்த்தாற்போல், இரண்டு பக்கமும் ஒன்றேபோல் இருந்தன. செக்கிங்கில் இருப்பவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே இதுதான்: ஒரு பக்கம் மட்டும் இருந்தால் டேமேஜ், இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் டிசைன். சில துணியில் வேண்டுமென்றே ஓட்டை விட்டுப் பின்னுவார்கள், அதைச் சுற்றிப் பூ வைப்பார்கள். நான் அதற்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினால் முதலாளி என்னைத் துரத்திவிடுவார்.

"உங்குளுது டிசைனுங்க அண்ணாச்சி" என்றேன். "மாங்காய் டிசைன். ரெண்டு பக்கமும் கரெக்டா உக்காந்திருக்குது. ஒரு ஸ்டிக்கர்கூட இல்லீங்க. பாஸ்."

"பாஸா?"

"ஏ-ஒன் பாஸுங்க."

அவர் ஸ்டூலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பம் மூள நல்லாருக்கு. கண்ணு போனாப் போவுது வே. கை இருக்குல்லா."

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஊசி மாற்றுவதற்கு அவர் என்றைக்குமே கண்ணை நம்பியதில்லை. கரண்டு போன நேரங்களிலும் மெஷினுக்குள் கையை விட்டு, விரல் நுனியால் வட்டம் சுற்றி, ஒடிந்த ஊசி எது என்று தொட்டுச் சொல்வார். கண் போன நாளிலிருந்து அந்தக் கையை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். கண் வருமா வராதா என்று அவர் டாக்டரிடம் கேட்டது குறைவு. எப்போது வேலைக்குப் போகலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு மாடியில் நம்பிக்கை ஓடியது. அண்ணாச்சி ஊரில் இருக்கிற தன் தங்கச்சிக்குப் போன் போட்டு, "படம் பாஸாயிட்டு, கவலப்படாத" என்றார். என் மனைவி சோறு கொண்டுபோனால் அவளிடமும் அதையே சொன்னார். பழைய ஊசிகள் கொஞ்சம் கேட்டு வாங்கி, மடியில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பழகினார். ஊசி விரலில் நிற்கவில்லை. விழுந்துகொண்டே இருந்தது. குளுக்கோஸ் ஏற்றின கை, அப்படித்தான் இருக்கும் என்றேன். நானோ என் ஓட்டையை நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தேன். கடைக்குப் போனால் என்ன வாங்க வந்தோம் என்று மறந்தது. ஆஹா, அந்த ஓட்டை வழியாக விழுந்துவிட்டது என்று நினைத்தேன். என் மனைவியிடம் சொத்து விவரமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். "என்ன சொத்து?" என்றாள். அத்தோடு அந்தப் பட்டியல் முடிந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். முதலில் என் கவரைப் பிரித்தார். வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். மாட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாருங்க இது ஒட்டினது?"

"நானுங்க. ஓட்டை இருக்கற பக்கமெல்லாம் குறிச்சு வெச்சிருக்கறனுங்க. உங்குளுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு."

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "இது ஓட்டை இல்லைங்க. மூளைக்கு நடுவுல நீர் இருக்கற இடம். எல்லாருக்கும் இருக்கும். எனக்கும் இருக்கு. உங்க மூளையில ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லீங்களா?"

"கெட்டது ஒண்ணும் இல்லை."

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்குச் சந்தோஷத்தில் வாய் அவிழ்ந்துவிட்டது. "அப்ப நம்ம அண்ணாச்சியுதையும் பாருங்க டாக்டரம்மா, அது டிசைன் பீஸுங்க, நான் அதுக்கு ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டலீங்க!"

அவர் அண்ணாச்சியின் படத்தை மாட்டினார். ஃபைலைத் திறந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, என் படத்தில் இருந்து ஒரு அம்புக்குறியை நகத்தால் மெல்ல உரித்தார். அதை அண்ணாச்சியின் படத்தில், இடது மாங்காய்க்கு நேராக ஒட்டினார். இன்னொன்றை உரித்தார். வலது மாங்காய்க்கு.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டிக்கரை எதற்கு ஒட்டுவார்கள் என்று தெரிந்தவன் நான்.

அண்ணாச்சி தலையைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினார். "என்ன வே சத்தம்? ஸ்டிக்கர் உரிக்காகளா?"

"ஆமாங்க அண்ணாச்சி" என்றேன்.

"யாரு படத்துல ஒட்டுதாக?"

"உங்க படத்துலதாங்க" என்றார் டாக்டரம்மா.

"எத்தன?"

"ரெண்டு."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "மாங்காய்லயா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "ஆமாங்க" என்றார் அவர். "கை, காலு, முகம், பேச்சு, இதெல்லாம் அசையறதைப் பாத்துக்கற இடம் அது. இந்த விஷம் அங்கதான் போய் உக்காரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் அடிக்கும். சமமா இருக்கறதாலதான் எங்களுக்கு அது இந்த விஷம்னு அடையாளம் தெரியுது. அந்த இடம் செத்துப்போயிருக்குங்க. கை இறுக்கமா இருக்கறது, குரல் சின்னதானது, எல்லாம் அதனாலதான்."

"ஊசி மாத்தலாமா, டாக்டர்?"

"என்ன ஊசி?"

நான் சொன்னேன். சொல்லும்போதே குரல் எனக்கும் சின்னதாகிவிட்டது. அவர் அண்ணாச்சியின் கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். "செத்த இடம் திரும்ப வராதுங்க. பழக்கினா, பக்கத்துல இருக்கறது கொஞ்சம் கத்துக்கும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. இப்போதைக்குச் சட்டைப் பட்டனை நீங்களே போட்டுப் பழகுங்க."

திரும்புகிற பஸ்ஸில் அண்ணாச்சியை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். காற்று வரட்டும் என்று. மனுஷன் ஒன்றும் பேசவில்லை. எனக்கு மௌனம் ஆகாது. டிசைன் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கேலி பேசினேன். என்னை நானே கேலி பேசினேன். ஊரில் எல்லோருக்கும் இருக்கிற ஓட்டைக்கு ஒருவன் கண்ணீர் விட்டு ஸ்டிக்கர் ஒட்டிய கதையை, ரப்பர் பந்தை, அரணாக்கொடியை, நடித்து நடித்துச் சொன்னேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிச் சிரித்தார்கள். அண்ணாச்சியின் முகம் அப்படியே இருந்தது. சுவர் மாதிரி. ஒரு கோடு அசையவில்லை.

இத்தனை காலமும் நான் பேசியதெல்லாம் அந்த முகத்தைப் பார்த்துத்தான். உதடு ஓரத்தில் ஒரு சுழிப்பு வரும், புருவம் ஏறும், அதை வைத்துத்தான் அடுத்த வரியைப் போடுவேன். நான் நிறுத்திவிட்டேன்.

"மன்னிச்சுக்குங்க அண்ணாச்சி. இந்நேரத்துல போயி நானு..."

"ஏன் வே நிப்பாட்டிட்டீரு?"

"உங்குளுக்குச் சிரிப்பு வரலியேங்க."

"சிரிச்சிட்டுத்தான வே இருக்கேன்" என்றார், காதருகே போனால்தான் கேட்கிற குரலில். "மூஞ்சிதான் சிரிக்க மாட்டேங்கு. நீரு சொல்லும்."

நான் சொன்னேன். அவிநாசி தாண்டும் வரைக்கும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் கை என் முழங்கால் மேல் இருந்ததே, அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒரு இடத்தில் அந்தக் கை லேசாக அழுத்தியது. அது சிரிப்பா, பஸ் குலுங்கியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பட்டன் பழக ஆரம்பித்தார். ஒரு சட்டை போடுவதற்குள் என் மனைவி ஒரு சமையலையே முடித்துவிடுவாள். உதவி செய்யப் போனால் கையைத் தட்டிவிடுவார். தட்டிவிடுவதும் மெதுவாகத்தான் இருக்கும், அதற்குள் நான் ஒரு பட்டனைப் போட்டுவிடலாம். போடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதை நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

தங்கச்சி வந்து ஊருக்குக் கூப்பிட்டார். போகவில்லை. "அங்கன போயி என்ன செய்ய? கடலப் பாக்கவா?" என்றார். காலையில் என் பின்னாலேயே வண்டியில் ஏறிக் கம்பெனிக்கு வருவார். செக்கிங் அறையில் அதே ஸ்டூல். பின்னல் மெஷின்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். முதலாளி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எனக்கும் ஒரு மிச்சம் இருக்கிறது: காக்கியும் பழுப்பும் எனக்கு இப்போது ஒன்றாகத் தெரிகின்றன. கலர் பார்க்கிற வேலையை வேறொருவர் செய்கிறார். ஓட்டையும் கோடும் மட்டும் என்னுடையவை.

மழை வந்து போன பிறகு இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், அவருக்கு மட்டும். பழைய படத்தையும் புதுப் படத்தையும் டாக்டரம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பெருசாகலை" என்றார்.

"சின்னதாச்சா?" என்றார் அண்ணாச்சி.

"சின்னதும் ஆகலைங்க. கறை காஞ்ச மாதிரி அப்படியே நிக்குது. இனிமே கை என்ன கத்துக்குதோ அதுதான்."

மறுநாள் கம்பெனியில் அவர் அந்தப் படத்தை மறுபடியும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். வைத்து லைட்டைப் போட்டேன். மாங்காய் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து இடது மாங்காயின் மேல் வைத்தேன், பிறகு வலது மாங்காயின் மேல். வழவழப்பான படத்தில் விரலுக்கு என்ன தெரியும்? தடவிக்கொண்டே இருந்தார்.

"ஸ்டிக்கர் தாள் இருக்கா வே?"

கொடுத்தேன். மடியில் வைத்து, ஓரத்தைத் தேடி, நகத்தைக் கொடுத்து உரிக்க ஆரம்பித்தார். நான் ஒரு நிமிஷத்தில் ஒரு வரிசையை உரித்துவிடுவேன். அவருடைய விரல்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு, அனுமதி வாங்கிக்கொண்டு நகர்ந்தன. ஸ்டிக்கர் கிளம்பியது, ஒட்டிக்கொண்டது, மறுபடியும் கிளம்பியது. நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின் நின்று, யாரோ சரிசெய்து, மறுபடி ஓட ஆரம்பித்தது. அண்ணாச்சி தலையை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டு, மறுபடியும் குனிந்தார்.

கடைசியில் அது விரல் நுனியில் வந்துவிட்டது. சிவப்பு அம்புக்குறி, நடுங்கிக்கொண்டு.

"வந்துட்டா?"

"வந்திருச்சுங்க அண்ணாச்சி."

"கிட்ட வாரும்."

குனிந்தேன். இடது கையால் என் முகத்தைத் தடவினார். மூக்கு, மூக்குக் கண்ணாடி, புருவம் என்று ஏறி நெற்றிக்கு வந்து நின்றார்.

"டேமேஜ் இங்கனதான வே இருக்கு?" என்று அங்கே ஒட்டினார்.

முகம் அப்படியே இருந்தது. சிரிக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஸ்டிக்கர் நிற்கவில்லை. அவ்வளவு நேரம் விரலில் புரண்டதில் பசை போயிருந்தது. நெற்றியில் ஒரு கணம் இருந்துவிட்டு, உதிர்ந்து எங்கேயோ விழுந்தது.

"ஒட்டிச்சா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பாஸ் என்று சொல்வதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இல்லீங்க. விழுந்திருச்சுங்க."

"சரி" என்றார். தாளைத் தடவி அடுத்த ஸ்டிக்கரின் ஓரத்தைத் தேட ஆரம்பித்தார். ஓட வேண்டிய துணி பின்னால் சுருண்டு காத்துக் கிடந்தது. நான் நெற்றியைக் காட்டியபடி குனிந்தே நின்றேன்.